நானும் ஒரு ஆளுதான்

திருமங்கலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஜெயபாண்டி பார்த்தது தன் முகத்தைத்தான். எதிர்ச் சுவரில், ஒரு காதணி விழாவுக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே, இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தான். சிவப்பும் கறுப்புமாக உடம்போடு ஒட்டிய உடுப்பு. இடுப்போடு அணைத்த ஹெல்மெட். பின்னால் ஒரு கார், விளக்குகள் எரிய, அவன் தோளைத் தாண்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. கீழே மஞ்சள் எழுத்தில், துபாய் மண்ணில் இருபத்துநான்கு மணி நேர உலகக் கார் பந்தயத்தில் மூன்றாம் இடம் வென்ற சாரதி மொ. ஜெயபாண்டியை வருக வருக என்று வரவேற்றிருந்தார்கள்.

டீக்கடை வாசலில் நின்ற ஒருவன் ஃப்ளெக்ஸையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே, அது நீங்கதான?"

"இல்ல."

"சும்மா சொல்லாதீங்கண்ணே. மூக்கு ஒண்ணா இருக்கு."

அந்த விடுப்பின் முதல் இரண்டு நாளில் ஜெயபாண்டி சொன்னவற்றில் உண்மைக்கு மிக அருகில் இருந்தது அந்த ஒரு சொல்தான். அதையும் யாரும் நம்பவில்லை.

அவன் அப்பா மொக்கையன் டிவிஎஸ் வண்டியோடு வந்து காத்திருந்தார். வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் கட்டியிருந்தார். அவரை வெள்ளைச் சட்டையில் பார்க்க யாரோ மாதிரி இருந்தது.

"பாத்தியா?" என்று சுவரைக் காட்டினார்.

"பாத்தேன்ப்பா. எதுக்குப்பா இதெல்லாம்?"

"நானா வச்சேன்? பாண்டியராஜன் வச்சான். பேரையூர்ல ரெண்டு இருக்கு. நம்ம ஊரு விலக்கு ரோட்டுல ஒண்ணு இருக்கு, அது இதவிடப் பெருசு." வண்டியைக் கிளப்பினார். "வீட்டுக்கு அப்புறம் போவம். காசிமாயன் வீட்ல வரச் சொல்லிருக்காக."

"எப்பச் சொன்னாரு?"

"காலையில போன் போட்டாரு. மச்சான், மாப்ளையக் கூட்டிக்கிட்டு நேரா இங்கதான் வாங்கன்னாரு." கொஞ்ச தூரம் போனபின், பாதிச் சொல் காற்றில் போக, மறுபடியும் சொன்னார். "வாங்கன்னாரு."

ஜெயபாண்டி பின்னால் உட்கார்ந்து அப்பாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு போனான். வெயிலில் கறுத்து வரிவரியாக வெடித்த கழுத்து. சட்டைக் காலர் அதைச் சுற்றி விறைப்பாக நின்றது.

மொக்கையன் வாழ்நாளெல்லாம் ஓடிய மனிதர். காசிமாயன் வீட்டுப் பந்தய வண்டிக்கு அவர்தான் துணைச் சாரதி. அந்தப் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தில் வண்டிமேல் உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பவன் சாரதி. வண்டியோடு சேர்ந்து தார் ரோட்டில் ஓடி, மாட்டைத் தட்டி விரட்டி, மூச்சு முட்டினால் தாவி ஏறி, மாடு தளர்ந்தால் குதித்து மறுபடி ஓடுபவன் துணைச் சாரதி. வண்டி ஜெயித்தால் மைக்கில் முதலில் மாட்டுக்காரர் பெயரைச் சொல்வார்கள், பிறகு ஊர் பெயர், பிறகு சாரதி பெயர். துணைச் சாரதியின் பெயருக்கு வருவதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும்.

காசிமாயன் அந்நியர் இல்லை. முறை பார்த்தால் மச்சான்தான், கொஞ்சம் தூரத்து உறவு. ஆனால் அவரிடம் கிணற்றுப் பாசன நிலமும் இரண்டு ஜோடிப் பந்தய மாடும் இருந்தன, மொக்கையனிடம் கால்கள் இருந்தன. அதனால் முறையெல்லாம் யாருக்கும் நினைவில் இல்லை. வயதில் இளையவரான காசிமாயன், "மொக்கையா, வாடா" என்பார். மொக்கையன், "இந்தா வாரேன் மொதலாளி" என்பார். இருவருக்கும் அதில் வருத்தம் எதுவும் இருந்த மாதிரித் தெரியவில்லை. ஜெயபாண்டிக்கு இருந்தது. சின்ன வயதில் அப்பாவைக் கூப்பிடும் அந்த 'டா' காதில் விழும்போதெல்லாம் வேறெங்காவது பார்த்துக்கொள்வான்.

திருமங்கலத்தில் ஐடிஐ படித்தான். நாலுவழிச் சாலை ஓரத்தில் ஒரு டயர் கடையில் லாரி டயர் கழற்றி மாட்டினான். ஒரு சொந்தக்காரர் மூலமாக துபாய் போனான். அங்கேயும் டயர் கடைதான். ஆட்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து கம்பெனி பஸ் காலையில் ஏற்றிவந்து, வேலை முடிந்ததும் கொண்டுபோய் விடும். கார்களைத் தூக்கினான், இறக்கினான், தள்ளினான். ஒரு காரைக்கூட ஓட்டியதில்லை. லைசென்ஸ் எடுக்கும் அளவுக்கு அவனுக்கு அங்கே எந்தத் தேவையும் வரவில்லை.

கடைக்கு வந்துபோகும் ஜெர்மன்காரர் ஒருவர் சிறிய பந்தயக் குழு வைத்திருந்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் துபாய் ஓடுதளத்தில் ஒரு பந்தயம் நடக்கும். ஸ்போர்ட்ஸ் கார்களும் டூரிங் கார்களும் ஒன்றாகக் கிளம்பி, ஒரு பகலும் ஒரு இரவும் நிற்காமல் சுற்றும். ஒரு காருக்கு நாலைந்து ஓட்டுநர்கள், மாறி மாறி ஏறுவார்கள். அதே தொடர் பிறகு இத்தாலி, பெல்ஜியம், ஸ்பெயின் என்று போகும். ஊர் மாறும்போது கார்கள் கப்பலில் போகும், ஓட்டுபவர்கள் விமானத்தில் போவார்கள், ஜெயபாண்டி போன்றவர்கள் டயர் கடைக்குத் திரும்பிப் போவார்கள். அந்த ஜெர்மன்காரருக்கு அந்த வருடம் ஆள் குறைந்ததால் கடை முதலாளி இவனை அனுப்பிவைத்தார்.

அவனுக்குக் கொடுத்த வேலை, காருக்குப் பெட்ரோல் ஊற்றும்போது தீயணைக்கும் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, குழாயின் வாயைக் காரை நோக்கி நீட்டி நிற்பது. பந்தயம் முழுக்க, கார் வரும்போதெல்லாம் போய் நின்றான். தீப்பிடித்தால் மட்டும்தான் அவனுக்கு வேலை. தீப்பிடிக்கவில்லை. அங்கே நிற்கிறவனும் ஓட்டுகிறவனைப் போலவே தீப்பிடிக்காத உடுப்பும் ஹெல்மெட்டும் போட்டிருக்க வேண்டும் என்பது விதி. கார் அதன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவனையும் யாரோ கட்டிப்பிடித்தார்கள். கூட வேலை பார்த்த நேபாளத்துக்காரன் அவனைக் காரோடு நிற்கவைத்துப் போட்டோ எடுத்தான்.

அவன் அதை வீட்டுக்கு அனுப்பினான். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டான்.

"நம்ம வண்டி மூணாவதுப்பா."

"நம்ம வண்டியா? சாரதி யாரு?"

"நாலு பேருப்பா. மாத்தி மாத்தி ஏறுவாங்க."

"அந்த வண்டியில நீயும் ஒரு ஆளா?"

தூக்கமில்லாத கண்ணும் நின்று நின்று மரத்த காலுமாக இருந்தவனுக்கு அந்தக் கேள்வி இனித்தது. அப்பா அப்படி எதையும் அவனிடம் கேட்டதில்லை.

"ஆமாப்பா. நானும் ஒரு ஆளுதான்."

மொக்கையன், "சரிப்பா" என்றார். மகனிடம் எப்போதும் சொல்லும் 'டா' போய் 'ப்பா' வந்திருந்தது. குரலில் என்னவோ இறங்கியிருந்தது, பாரம் இறக்கிவைத்தவர் குரல் மாதிரி. அவர் எதை நினைத்துக்கொண்டார் என்பது ஜெயபாண்டிக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. திருத்தியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். போன் இன்னும் காதில்தான் இருந்தது.

ஒரு சினிமா நடிகர் ஓட்டப் போனதால் அந்தப் பந்தயம் தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் தெரிந்துபோயிருந்த காலம் அது. போட்டோ ஒரு குரூப்பிலிருந்து இன்னொரு குரூப்புக்குப் போனது. இரண்டாவது வாரம் காசிமாயன் மொக்கையனின் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்று, "மச்சான் இருக்கீங்களா?" என்று கேட்டாராம். மொக்கையனுக்கு யாரைக் கூப்பிடுகிறார் என்று முதலில் புரியவில்லையாம். இதை அவர் போனில் மகனிடம் மூன்று முறை சொன்னார். காசிமாயனின் மகள் நாகஜோதிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரதி என்றால் காசிமாயனுக்கு உயிர். அதுவும் உலக சாரதி, அதுவும் முறைப் பையன்.

காசிமாயன் வீட்டு முற்றத்தில் டிவிஎஸ் போய் நின்றது.

"வாங்க மச்சான். வாங்க மாப்ள. ஏத்தா, சேர் எடுத்துப் போடு."

மொக்கையன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். குதிகால் தரையில் படவில்லை, யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடத் தோதாக விரல்களில் ஊன்றியிருந்தார். காசிமாயனை எப்படிக் கூப்பிடுவது என்பதில் அவருக்கு இன்னும் தெளிவில்லை. 'மொதலாளி' நாக்கில் வந்து நிற்கும், 'மச்சான்' வராது. அதனால் கூப்பிடாமலே பேசினார்.

புதன்கிழமை ஊர்க் கோயில் பொங்கலுக்கு மாட்டு வண்டிப் பந்தயம், ஜெயபாண்டிதான் கொடியசைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்றி நிச்சயம். எல்லாம் பேசி முடித்திருந்தார்கள்.

"மாப்ள, ராத்திரியும் ஓடுமாமே?" காசிமாயன் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.

"ஓடும் மாமா. முன்னாடி போற காரோட பின்விளக்க வச்சுத்தான் போகணும்."

"ஒரே ஆளு தாங்க முடியுமா?"

"தாங்காது. ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு எறங்கணும், மாத்தி மாத்தி ஏறணும். அதுக்குள்ள பெட்ரோல் ஊத்தணும், டயர் மாத்தணும்."

"எறங்குனா எப்படி இருக்கும்?"

"சட்டையப் பிழிஞ்சா தண்ணியா ஊத்தும் மாமா."

காசிமாயன் தொடையைத் தட்டிக்கொண்டார். மொக்கையன் மகனை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

ஜெயபாண்டி அப்போதுதான் கவனித்தான். சொன்ன எந்த வாக்கியத்திலும் 'யார்' என்பது இல்லை. போகணும், ஏறணும், எறங்கணும். ஆளைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. பொய் என்று எடுத்துக்காட்ட ஒரு சொல்கூடக் கிடைக்காது. அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் பிறகு நினைக்க நினைக்கக் கூசியது.

மறுநாள் பட்டு எடுக்க மதுரைக்குக் கிளம்பினார்கள். காசிமாயன் வீட்டு வாசலில் வெள்ளைக் கார் நின்றது. பெண்கள் ஏறியாகிவிட்டது. காசிமாயன் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க எடுங்க மாப்ள. ஒங்க கைய நாங்களும் பாக்கணும்ல."

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சாவி சூடாக இருந்தது.

"எனக்கு இந்த ஊரு லைசென்ஸ் இல்ல மாமா."

காசிமாயன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தீங்களாடா. அங்க அம்புட்டு வேகத்துல ஓட்டுன ஆளு, லைசென்ஸ் இல்லாமச் சாவியத் தொட மாட்டேங்குறாரு. இவனும் இருக்கானே கருப்பு, லைசென்ஸே இல்லாம எத்தன வருசமா எனக்கு ஓட்டுறான்."

"அண்ணே, எடுத்துட்டேண்ணே," என்றான் கருப்பு, அவருடைய டிரைவர்.

"எப்படா?"

"போன மாசம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயபாண்டியும் சிரித்தான். தன் சிரிப்பு தனியாகக் கேட்பது போல இருந்தது. கருப்பு ஓட்ட, அவனை முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். கப்பலூர் தாண்டியதும் கருப்பு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணே, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே. கிளட்ச்ச நான் சரியா விடுறேனா?"

"நல்லாத்தான் விடுற."

"நீங்க சொன்னாச் சரிண்ணே," என்றான் கருப்பு. அதற்குப் பிறகு மதுரை வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினான்.

கடையில் பெரியவர்கள் ஒரு பக்கம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாகஜோதி திருமங்கலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் லேப் டெக்னீஷியன். அதிகம் பேசாத பெண் என்று சொல்லியிருந்தார்கள். விரித்துப் போட்ட சேலையின் மடிப்பைத் தடவிக்கொண்டே, அவனைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீங்க ஓட்டுனப்ப ஒங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

நீங்க. ஒங்களுக்கு. இரண்டு முறை ஆளைச் சொல்லிக் கேட்டுவிட்டாள். ஒளிந்துகொள்ள இடமில்லை. அவனுக்கு உண்மையாகவே பயமாக இருந்திருந்தது, பெட்ரோல் வாசனைக்குள் குழாயை நீட்டி நின்ற ஒவ்வொரு முறையும். ஆனால் அவள் கேட்டது அதையில்லை.

"பயமாத்தான் இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாரும் பயமே இல்லம்பாங்க. நீங்க உண்மையச் சொல்றீங்க. எனக்கு அது புடிச்சிருக்கு."

பிறகு எந்தக் கலர் என்று கேட்டாள். அவன் ஏதோ ஒன்றைக் காட்டினான். எந்தக் கலரைக் காட்டினான் என்று அன்று மாலை கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. அதுவரை தானாக வளர்ந்த ஒன்றின் நிழலில் நின்றுகொண்டிருந்ததாக ஒரு சாக்கு அவனிடம் இருந்தது. அந்தக் கடையில் அதுவும் போயிற்று. தன் வாயால், தன் பெயருக்கு, ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியாகிவிட்டது. அவள் அதையே உண்மை என்று மெச்சினாள்.

மறுநாள் காலையில் பாண்டியராஜனின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனான். பாண்டியராஜன் அவன் தாய்மாமன் மகன். கம்ப்யூட்டரில் யாரோ ஒருவரின் நரைமீசையைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, நான் ஓட்டல."

"என்னத்த?"

"கார."

பாண்டியராஜனின் கை மவுஸிலேயே இருந்தது. "அப்ப யாரு ஓட்டுனா?"

"நாலு பேரு. வெளிநாட்டுக்காரங்க."

"நீ என்ன செஞ்ச?"

"தீப்பிடிச்சா அணைக்க நின்னேன்."

"பிடிச்சுச்சா?"

"இல்ல."

"அப்ப நின்னது மட்டுந்தான்."

"ஆமா."

பாண்டியராஜன் நாற்காலியை முழுக்கத் திருப்பினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். முடிந்ததும் கைலி நுனியால் முகத்தைத் துடைத்தான்.

"டேய், அடிக்கிறதுக்கு முன்னாடி டிசைன ஒனக்கு அனுப்பினேன்ல. சாரதின்னு கொட்ட எழுத்துல போட்டிருந்தேன். நீ என்ன அனுப்பின?"

ஜெயபாண்டி திரையில் இருந்த மீசையைப் பார்த்தான்.

"பெருவெரலத் தூக்கி அனுப்பின. ஊர்ல ஒவ்வொருத்தன் எனக்குக் கொம்பு விட்டுப்போச்சு, புள்ளி விட்டுப்போச்சுன்னு போன் போடுவான். நீ ஆளையே மாத்திப் போட்டதுக்கு வெரலத் தூக்குற."

"எல்லாத்தையும் கழட்டிரு மாப்ள."

"ஃப்ளெக்ஸக் கழட்ட எம்புட்டு நேரம் ஆகும்? ஒங்க அப்பன இப்ப அந்தாளு மச்சாங்குறாரே, அதக் கழட்ட முடியுமா?" அவன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். "நேத்து டீக்கடையில பாத்தேன். ஒங்க அப்பன் பெஞ்சில உக்காந்து டீ குடிக்கிறாரு. நான் பொறந்ததுல இருந்து அவரு நின்னுதான் குடிச்சுப் பாத்திருக்கேன். வெள்ளிக்கிழம கழியட்டும். கல்யாணத்துக்குப் பெறகு பொண்டாட்டிகிட்டச் சொல்லு. அவ வெளக்கமாத்த எடுத்தா வாங்கிக்க. இப்ப வாய மூடிட்டு இரு."

வீட்டுக்கு வந்தபோது மொக்கையன் துவைத்துக் காயவைத்த அதே வெள்ளைச் சட்டையை மடியில் போட்டு, கையால் நீவிக்கொண்டிருந்தார்.

"மேடையில எனக்கும் சேர் போடுறாகளாம்," என்றார். "காசிமாயன் பக்கத்துல."

ஜெயபாண்டி சொல்லவந்ததைச் சொல்லாமலே உள்ளே போய்விட்டான். நாளைக் காலை மேடை ஏறுவதற்கு முன் காசிமாயனைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தான். அப்பாவிடம் சொல்லும் தைரியம் இல்லாததால்தான் அந்த முடிவுக்கு வந்தான். அதுவும் அவனுக்குத் தெரிந்தேயிருந்தது.

புதன்கிழமை காலை ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். வண்டிகளுக்குப் பின்னால் போவதற்கு மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாக உறுமின. மாடுகளின் கொம்பில் எண்ணெய் மினுங்கியது. காசிமாயன் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு நிமிசம்."

"என்ன மாப்ள? சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். ஒரு விசயம் பேசணும்."

"பேசுவம், பேசுவம். பொழுது முழுக்கக் கெடக்கு. மொத மேடைக்கு வாங்க, போலீஸ்காரங்க அவசரப்படுத்துறாக." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மேடையில் மொக்கையன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இன்றைக்குக் குதிகாலும் தரையில் பட்டிருந்தது. முதுகை நாற்காலியில் சாய்த்திருந்தார். மகன் கையில் பச்சைக் கொடியைக் கொடுத்தார்கள். மைக் பிடித்தவர் அந்த வட்டாரத்துப் பந்தயங்களுக்கெல்லாம் பேசுகிறவர். அவர் குரல் எட்டுத் திசையிலும் கட்டிய ஒலிபெருக்கிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது.

"நாம நாலு மைலு ஓட்டுனா நாக்குத் தள்ளிப்போகுதுய்யா. ஒரு பகல், ஒரு ராத்திரி, நிக்காம ஓட்டுன ஆளு. நம்ம மொக்கையன் பெத்த மகன். கடலுக்கு அங்கிட்டுப் போயி மூணாம் எடத்த அள்ளிக்கிட்டு வந்த சாரதி. ரெண்டு வார்த்த பேசச் சொல்லுவோமா?"

மைக் அவன் வாய்க்கு முன்னால் வந்தது. எதிரே காசிமாயன் வீட்டு மாடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். நாகஜோதி கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"வணக்கம்," என்றான். அவன் குரல் தூரத்து ஒலிபெருக்கியிலிருந்து அவனுக்கே திரும்பி வந்தது. "நான் ஓட்டல. அந்தக் கார நான் ஓட்டல. எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. பெட்ரோல் ஊத்துறப்ப தீயணைக்கிற சிலிண்டரப் புடிச்சுக்கிட்டு நான் பக்கத்துல நின்னேன். அம்புட்டுத்தான்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. மைக் பிடித்தவர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"கேட்டீங்களா? ஓட்டவே தெரியாதாம். நம்ம பய ஒருத்தன் புது பைக்க வாங்கி ஊரச் சுத்திட்டு நான்தான் பெரிய இவங்குறான். உலகத்துல மூணாவதா வந்த மனுசன் எனக்கு ஓட்டத் தெரியாதுங்குறாரு. இதுக்குப் பேருதான்யா அடக்கம்."

கைதட்டல் ரோட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போயிற்று. விசில் அடித்தார்கள். காசிமாயன் வாய்விட்டுச் சிரித்து, இரண்டு கையாலும் தட்டினார். ஜெயபாண்டி மறுபடி மைக்கை எட்டிப் பிடிக்கப் போனான். அது அதற்குள் வண்டிகளின் வரிசையைச் சொல்லத் தொடங்கியிருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று. அதற்கும் கைதட்டல் வாங்கியாயிற்று. மாடியைப் பார்த்தான். நாகஜோதி தட்டவில்லை, சிரிக்கவில்லை. சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மேடையில் ஒரே ஒருவர்தான் அவன் சொன்னதைச் சொன்னபடியே கேட்டிருந்தார். மொக்கையன் நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார்.

"என்ன மச்சான், எந்திரிச்சிட்டீங்க?" காசிமாயன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். "உக்காருங்க. இன்னும் கொடியே அசைக்கல."

"இருக்கட்டும் மொதலாளி."

காசிமாயனின் கைகள் நின்றன. ஒலிபெருக்கி எட்டுத் திசைக்கும் சொல்லியும் அவருக்கு எட்டாதது அந்த ஒரு சொல்லில் எட்டிவிட்டது. எழுந்து நின்ற மொக்கையனைப் பார்த்தார். பிறகு ஜெயபாண்டியைப் பார்த்தார்.

"நெசமா?"

"நெசந்தான் மாமா."

"அப்ப அந்தப் போட்டோ?"

"அங்க நிக்கிற எல்லாரும் அந்த உடுப்பத்தான் போட்டுக்கணும்."

"எம் பொண்ணுகிட்ட என்ன சொன்ன?"

சொன்னீங்க இல்லை, சொன்ன. ஜெயபாண்டி அதைக் கேட்டுக்கொண்டான். "பயமா இருந்துச்சுன்னு சொன்னேன்."

காசிமாயனின் முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, அவன் கையிலிருந்த கொடியை வாங்கிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம யாரும் வரவேணாம்," என்றார், உதடு அசையாமல். "வீட்ல நான் பேசிக்கிறேன்."

கொடியை அவரே அசைத்தார். சாட்டை சத்தமும் ஆட்களின் கூச்சலும் ஒன்றாக எழுந்தன. வண்டிகள் பாய்ந்தன, பக்கத்தில் ஆட்கள் ஓடினார்கள், பின்னால் மோட்டார் சைக்கிள்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. கூட்டமும் அவற்றோடு ஓடியது. மேடையைச் சுற்றி வெறும் ரோடு மிஞ்சியது.

காசிமாயன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அடுத்த பிரிவுக்கான அவருடைய ஜோடி மாடுகள் வேப்பமரத்தடியில் கட்டியிருந்தன. நிழல் நகர்ந்து அவற்றின் முதுகில் வெயில் விழுந்திருந்தது.

"மொக்கையா, மாடு வெயில்ல நிக்குது பாரு," என்றார்.

மொக்கையன் அதற்கு முன்பே படி இறங்கியிருந்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் அவசரப்பட்டதில் சலிப்போ வருத்தமோ தெரியவில்லை. பழகிய வேலைக்குப் போகிறவர் மாதிரிப் போனார். ஜெயபாண்டிக்கு அதைப் பார்ப்பதுதான் முடியவில்லை.

அவனும் பின்னால் போனான். ஒரு மாட்டின் கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தான்.

"விடு. முட்டும்," என்றார் மொக்கையன். கயிற்றை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். மாடுகளை நிழலுக்குக் கொண்டுவந்து, தொட்டியில் தண்ணீர் காட்டினார்.

"அப்பா."

அவர் மாட்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எங்கிட்ட மொதல்ல சொல்லிருந்தா நான் அந்தச் சேர்ல உக்காராம இருந்திருப்பேன்," என்றார்.

மாடு தலையை உள்ளே விட்டுத் தண்ணீரை உறிஞ்சிக் குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.